சீமையில் சுழன்ற தட்டு

கொண்டப்பாறைத் தங்கச் சுரங்கத்தில் ஆட்கள் இறங்கிக்கொண்டும் ஏறிக்கொண்டும் இருந்த அந்தக் கடைசி வருஷத்தில், சீமையில் யாரோ ஒரு பிள்ளை தன் வீட்டு மாடியறையில் ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டு அதன்மேல் ஊசியை இறக்கினால், இங்கே எங்கள் காலுக்கடியில் பாறை அதிர்ந்தது. ஒரு பிள்ளை போட்டால் அடுப்பில் வைத்த பால் நடுங்கும், ஒரு தெருப் பிள்ளைகள் போட்டால் சுவரில் மாட்டிய கண்ணாடி விழும், ஒரு பட்டணத்துப் பிள்ளைகள் போட்டால் குழிக்குள் தன் வீட்டு ஆண்பிள்ளை எந்த ஆழத்தில் நிற்கிறான் என்று யோசித்தபடியே பெண்கள் குழிவாசலுக்கு ஓடுவார்கள். காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறோமே, அந்த மாதிரிதான் நாங்களும் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்தோம்.

அந்தத் தட்டைச் செய்தவர்கள் டின் லேன்டர்ன்ஸ் என்று பேர் வைத்துக்கொண்ட நான்கு வெள்ளைக்காரப் பையன்கள், தோள்வரை முடி வளர்த்த ராக் பாட்டுக்காரர்கள். அவர்களில் டிரம் அடிக்கிற டெரிக் பென்ஹாலோ எங்கள் ஊரில் பிறந்தவன். அவன் அப்பா கார்ன்வாலிலிருந்து வந்து எங்கள் குழிக்கு மேனேஜராக இருந்தவர். டெரிக் பத்து வயசு வரைக்கும் பங்களாத் தோட்டக்காரர் மகன் யேசுரத்தினத்தோடு செம்மண்ணில் புரண்டு, எங்கள் தமிழையே பேசி, எங்கள் கெட்ட வார்த்தைகளையே முதலில் கற்று, வெள்ளைக்காரக் குடும்பங்கள் கூட்டமாகக் கிளம்பின நாளில் ரயில் ஜன்னலைப் பிடித்து அழுதுகொண்டே போனவன்.

யேசுரத்தினம் வளர்ந்து, குழிக்கு மேலே கல் அரைக்கிற மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணமோ சாவோ திருவிழாவோ, ஊரில் தப்பட்டை என்றால் அவன்தான். அவன் தம்பி அருமைநாயகம் குழிக்கு அடியில் மணிக்காரன். கீழே ஆட்களைக் கூண்டில் ஏற்றி, கதவைச் சாத்தி, கயிற்றை இழுத்து மேலே எஞ்சின் ரூமுக்கு மணி அடிப்பது அவன் வேலை. அவன் மணி வராமல் கூண்டு நகராது. அவனைக் கட்டிக்கொண்டு வந்த எஸ்தர், ஷிப்டு முடிகிற நேரத்துக்கு வாசலில் நின்று கூண்டுச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் உலையில் அரிசி போடுவாள்.

டின் லேன்டர்ன்ஸ் பையன்கள் அதற்குமுன் இரண்டு தட்டு போட்டு, இரண்டும் கடைகளில் தூசி படிந்து கிடந்தன. இன்னொன்று போடுங்கள், அதுவும் இப்படியே போனால் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று அவர்கள் கம்பெனி சொல்லிவிட்டது. அப்போதுதான் டெரிக்குக்குத் தன் அப்பா சின்ன வயசில் ஒருநாள் குழிக்குள் அழைத்துப்போனதும், அங்கே சுத்தியல் பட்ட பாறை மனுஷக் குரல் மாதிரி முனகினதும் நினைவுக்கு வந்ததாம். அந்த முனகலைப் பிடித்துப் பாட்டுக்குள் வைக்க வேண்டும் என்று மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு, ஒலிப்பதிவு மிஷினும் வயர்ச் சுருளுமாக ஒரு லாரியில் வந்து இறங்கினான். ஊரே வேடிக்கை பார்த்தது. அவன் லாரியிலிருந்து குதித்து, "யேசு, எங்கடா இருக்கே?" என்று கத்தினபோது, இருபது வருஷம் ஊரைவிட்டுப் போனவன் மாதிரி தெரியவில்லை, டீ குடிக்கப் போய்த் திரும்பினவன் மாதிரி இருந்தது.

தங்கமெல்லாம் எடுத்துத் தீர்ந்து சும்மா கிடந்த ஒன்பதாவது லெவல் சுரங்கப்பாதையில், டிரம்மைக் கழற்றிக் கழற்றிக் கூண்டில் இறக்கி, அங்கே மாட்டினார்கள். டெரிக் தனியாக அடித்தபோது பாறை வாயே திறக்கவில்லை. சத்தம் துணிமூட்டையில் விழுந்த மாதிரி அமுங்கிப்போனது. இரண்டு நாள் அப்படியே போயிற்று. பாட்டுக்காரப் பையன் தொப்பியைத் தரையில் அடித்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

"யேசு, நீயும் என்னோட அடிடா," என்றான் டெரிக்.

"இம்மாம் பெரிய மிஷின் முன்னாடி எனக்குக் கை வராதுடா."

"பங்களா தண்ணித்தொட்டி மேல ஏறி உக்காந்து அடிப்பமே, அந்த மாதிரி அடி. மிஷின பாக்காத. என்னைப் பாரு."

யேசுரத்தினம் தப்பட்டையைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு அடித்தான். டெரிக் சேர்ந்துகொண்டான். இரண்டு கையும் ஒன்றான இடத்தில் பாறை பதில் சொன்னது. முதலில் அடிக்குப் பின்னால் சொன்னது. பிறகு அடியோடு கூடவே சொன்னது. பிறகு, அங்கே நின்ற எல்லாரும் சொன்னார்கள், யேசுரத்தினம் கையை ஓங்கும்போதே, தோலில் குச்சி படுமுன்னே, பாறை அந்த அடியைச் சொல்லிவிட்டது.

"அண்ணே, எதிரொலி இப்படி இருக்காது," என்றான் அருமைநாயகம். "தெனம் இங்க மணி அடிக்கறவன் நான். போதும், ஏறிடலாம்."

"இன்னும் ஒரே தபா, அருமை," என்றான் டெரிக். அவன் கண் பளபளத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரே தபாவில்தான் முழுப் பாட்டும் பதிவாயிற்று. முடிந்ததும் பையன்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மறுநாள் லாரி புறப்பட்டுப் போயிற்று.

தட்டுக்கு 'நைன்த் லெவல்' என்று பேர் வைத்து வெளியிட்டார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஐரின் டீச்சர் ஒரு ஆங்கிலோ இந்தியப் பெண்மணி, கல்யாணம் செய்துகொள்ளாதவர், சீமை ஸ்டேஷன்களைப் பிடிக்கிற பெரிய ரேடியோ அவரிடம் இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பாட்டை லண்டன் ரேடியோவில் போடப்போகிறார்கள் என்று அவர் யேசுரத்தினத்தையும் தம்பியையும் எஸ்தரையும் டீக்கு அழைத்தார். யேசுரத்தினம் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கொரகொரவென்று ரேடியோ இழுத்தது. ஒருவன் வேகமாக ஏதோ பேசினான். பிறகு டிரம் தொடங்கியது.

அதே நொடியில் மேஜைமேல் டீக் கோப்பைகள் சாஸருக்குள் ஆட ஆரம்பித்தன.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அருமைநாயகம் எழுந்து நின்றான். பாறை நெரிந்து குழிக்குள் வெடிக்கிறதை எங்கள் ஊரில் பிளாஸ்ட் என்போம், அது எங்களுக்குப் புதிதல்ல, ஆனால் எந்த பிளாஸ்டும் தாளம் தவறாமல் வந்ததில்லை. டீச்சர் பாய்ந்து ரேடியோவை அணைத்தார். அறை அமைதியானது. கோப்பைகள் நிற்கவில்லை. லண்டனில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது ஓடி முடிகிற வரைக்கும் தரை அடித்தது, முடிந்ததும் நின்றது. யேசுரத்தினம் தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்து வெறித்துக்கொண்டிருந்தான். அடித்தது அவன் அடி. ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியாதா? அன்று குழியில் இரண்டு பேருக்குக் கால் நசுங்கியது.

இதற்குப் பிறகு எங்கள் ஊர் சீமையைப் பார்த்தே எழுந்து சீமையைப் பார்த்தே படுத்தது. தட்டு வெளிவந்த புதிதில் அங்கே பத்திரிகைக்காரர்கள் அதைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். தகரப் பெட்டியில் கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருக்கிறது என்று ஒருவன் எழுதினதை டீச்சர் வாசித்துச் சொன்னபோது, கங்கம்மா கோயிலில் பொங்கல் வைத்தார்கள், சர்ச்சில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது, காதர் பாய் டீக்கடையில் எல்லாருக்கும் சும்மா டீ. ஆனால் பிள்ளைகள் பத்திரிகை பார்த்தா பாட்டுக் கேட்கிறார்கள்? தட்டு மெதுவாக விலைபோக ஆரம்பித்தது, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லி, அண்ணன் தங்கச்சிக்கு வாங்கிக்கொடுத்து, வாரத்துக்கு வாரம் சீமையில் அதிகம் விற்கிற தட்டுகளின் வரிசையில் படியேறியது. காதர் பாய் தன் கடைச் சுவரில் அந்த இடத்தைக் கரியால் எழுதி வைப்பார். தண்ணீர்க் குழாயடியில், "சாப்டாச்சா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கி எத்தினியாவது?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அங்கே எல்லாரும் தூங்குகிற நேரம் இங்கே காலை என்பதால் காலை ஷிப்டுக்கு ஆட்கள் அடித்துப்பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்புகிற நேரத்து ஷிப்டுக்குப் போகிறவனை வீட்டார் கட்டிப்பிடித்து அனுப்பினார்கள். பெண்பார்க்க வருகிறவர்கள் பையன் எந்த ஷிப்டு என்று கேட்ட பிறகுதான் சம்பளம் கேட்டார்கள். பானைகளை அலமாரி மேல்தட்டில் யாரும் வைப்பதில்லை. சீமையில் மழை பெய்தால் பிள்ளைகள் வெளியே போகாமல் வீட்டில் தட்டுப் போடுவார்கள் என்று கண்டுபிடித்தபின், எங்கள் ஊரே குடிக்கத் தண்ணீரில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கோடையிலும், "ஆண்டவரே, சீமையில நல்லா வெயில் காயட்டும்" என்றுதான் வேண்டிக்கொண்டோம். அங்கே பிள்ளைகள் பந்தாட்டம் பார்க்கப் போகிற சனிக்கிழமைகள் எங்களுக்குப் பெருநாள். அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தால் இங்கே சந்தோஷம். அவர்கள் யாரென்று நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ஒரு அம்மா தன் மகனின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் கவனிப்பதுபோல நாங்கள் அவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பாட்டை முழுசாக எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்க நினைத்தவனும் இல்லை. தட்டு ஒன்றே ஒன்று ஊருக்கு வந்தது, டெரிக் யேசுரத்தினத்துக்கு அனுப்பினது. அதை அவன் கட்டைப் பிரிக்காமலே டீச்சரிடம் கொடுத்துவிட்டான்.

யார் மீதும் கோபப்பட முடியாமல் இருந்த ஊர் கடைசியில் யேசுரத்தினத்தின் மீது கோபப்பட்டது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. கல்யாணத்துக்குத் தப்பட்டை அடிக்க அவனைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் பிளாஸ்டில் செத்தபோது, அந்தச் சாவுக்கு அடிக்கவும் வேறு ஊரிலிருந்து ஆள் வந்தது. அன்று அவன் போஸ்டாபீசுக்குப் போய் லண்டனுக்கு டிரங்கால் கேட்டான். விஷயம் தெரிந்து வாசல் நிறைய ஜனம் நின்றது. லைன் கிடைத்ததும் உள்ளே அவன் கத்தினது தெருவரைக்கும் கேட்டது.

"டேய், நிறுத்துடா அத!"

போஸ்ட்மாஸ்டர் காதில் விழுந்து எங்களுக்குப் பிறகு சொன்னபடி, டெரிக் மறுத்துப் பேசவில்லை. எங்களுக்கு அதுதான் ஆச்சரியம். இந்த மண்ணில் பிறந்தவன், நடந்ததைச் சொன்னதும் நம்பினான். நம்பினதால் அவன் குரல் உடைந்துபோயிற்று.

"எப்டிடா நிறுத்துவேன்? வித்த தட்ட வீடு வீடா போய்ப் புடுங்கவா? கம்பெனிக்காரன் கால்ல உளுந்து கேக்கறேன், கேக்க மாட்டான். ஆறு வருஷம் பட்டினி கெடந்தோம் யேசு. இப்பத்தான் எங்க பாட்ட நாலு பேர் கேக்கறான்."

"எங்க சாவும் நாலு ஆவப்போவுது."

போஸ்ட்மாஸ்டர் லைன் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தார்.

"நான் ரேடியோவுல பேசறேன்," என்றான் டெரிக். "எல்லாரும் கேக்கறாப்ல நானே சொல்றேன்."

சொன்னபடி பேசினான். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் டீச்சர் வீட்டு முற்றம் நிறைய நாங்கள் உட்கார்ந்திருக்க, ரேடியோவில் அவன் இங்கிலீஷில் சொல்லச்சொல்ல டீச்சர் தமிழில் சொன்னார்: தயவுசெய்து எங்கள் தட்டை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் போடாதீர்கள். நீங்கள் அதைப் போடும்போது வெகுதூரத்தில் ஒரு குழி அதிர்கிறது. அதில் என் சிநேகிதர்கள் வேலை செய்கிறார்கள். பேட்டி எடுத்தவன் கடகடவென்று சிரித்தான். டீச்சர் அவன் சொன்னதை மொழிபெயர்க்கத் தயங்கினார்.

"சொல்லுங்க டீச்சர்," என்றாள் எஸ்தர்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு விளம்பரம் கேட்டதில்லன்றான்."

அடுத்த வாரம் தட்டு முதலிடத்துக்குப் போயிற்று. கடைகளில் வரிசையில் நின்று வாங்கினார்களாம், அச்சடித்து முடியவில்லையாம். காதர் பாய் சுவரில் ஒன்று என்று எழுதிவிட்டுக் கரித்துண்டைச் சாக்கடையில் போட்டார். நாங்கள் பாத்திரங்களை எல்லாம் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

தரை அசையவில்லை.

ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். பால் ஆடாமல் கிடந்தது. பாறை மூச்சுப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. குழிக்குள் இறங்கினவர்கள், இவ்வளவு அமைதியாக அதை எப்போதும் கண்டதில்லை என்று சொல்லி, அங்கே பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். டின் லேன்டர்ன்ஸ்காரன் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று சிலபேர் சந்தோஷப்பட்டார்கள். ஐரின் டீச்சர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று, வெளுத்த முகத்தோடு சொன்னார்.

"முன்னாடி வாங்கினவங்க வேணா டெரிக் பேச்சக் கேட்டிருக்கலாம். இப்ப வாங்கினாங்க இல்ல, அதெல்லாம் கிறிஸ்மஸ் பரிசு. கலர் காகிதத்துல சுத்தி வெச்சிருக்காங்க. முன்னாலயே பிரிக்க மாட்டாங்க. கிறிஸ்மஸ் அன்னிக்கிக் காலையில எல்லாரும் ஒண்ணாத்தான் பிரிப்பாங்க."

வேறு எந்த ஊரில் கிறிஸ்மஸ் நெருங்க நெருங்க இப்படி ஜனங்கள் குரல் தாழ்த்திப் பேசியிருப்பார்கள்? வாசலில் நட்சத்திரம் கட்டினோம், பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தோம். ஆனால் மாவு பிசைகிற கை பாதியில் நின்றுவிடும்.

யேசுரத்தினமும் சங்கத்து ஆட்களும் குழி சூப்பிரண்டு நஞ்சுண்டய்யாவிடம் போனார்கள். அவர் நல்ல மனுஷன். கிறிஸ்மஸுக்கு முழு லீவு கொடுத்துவிட்டார். ஆனால் குழிக்குள் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்பை நிறுத்த மாட்டேன் என்றார்.

"தட்டு, ஊசி, அதெல்லாம் எனக்குத் தெரியாது ரத்தினம். தண்ணி தெரியும். ஒரு நாள் பம்பு நின்னா அடி லெவல் முழுக்க தண்ணி நிக்கும். அப்புறம் குழி எங்க, வேலை எங்க? இந்த ஊரு எங்க?"

"ஆளுக போயிட்டா ஊரு எங்கங்கய்யா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் இரண்டு பக்கமும் இறங்கி வந்தது. டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார்: சீமையில் எழுந்து, காபி குடித்து, பரிசைப் பிரிக்க எட்டு மணியாவது ஆகும், அப்போது இங்கே மதியம் ஒன்றரை. ஆகவே பம்பு ஆட்கள் விடியலில் இறங்கி, வேலையை முடித்து, பன்னிரண்டுக்குள் ஏறிவிட வேண்டியது. அவர்களை ஏற்றி இறக்க ஒரு மணிக்காரன் வேண்டும்.

"வேற மணிக்காரன் இல்லியா?" என்றாள் எஸ்தர்.

"கீறான். அவனுக்கு மூணு புள்ளைங்க," என்றான் அருமைநாயகம்.

"நமக்கு?"

"நமக்கு இனிமேத்தானே." அவன் சிரித்தான். "பன்னெண்டுக்குள்ள வந்துடறேன். பிரியாணிக்கு அரிசி ஊற வெய்யி."

கிறிஸ்மஸ் காலையில் சர்ச் நிரம்பி வழிந்தது. கங்கம்மாவைக் கும்பிடுகிறவர்களும், காதர் பாயும்கூட வந்து பின்னால் நின்றார்கள். டீச்சர் ஆர்மோனியம் வாசித்தார். பாதிரியார் பிரசங்கத்துக்கு எழுந்தபோது பதினொன்றுகூட ஆகவில்லை. அப்போது பீடத்து மெழுகுவர்த்திகளின் சுடர் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மறுபடியும் சாய்ந்து நிமிர்ந்தது. காற்று இல்லை.

டீச்சர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார். "புள்ளைங்க," என்றார். "கிறிஸ்மஸ் அன்னிக்குப் புள்ளைங்க தூங்காதுங்க... இருட்டோட எழுந்துடும்... நான் பெரியவங்கள நெனச்சுக் கணக்குப் போட்டுட்டேனே..."

யாரும் அவர் முடிக்கும்வரை நிற்கவில்லை. பட்டுப்புடவையும் புதுச் சட்டையுமாக ஊர் மொத்தமும் குழிவாசலுக்கு ஓடியது. ஓடுகிற காலுக்கடியில் அடி கூடிக்கொண்டே வந்தது: முதலில் ஒரு வீதி விழித்த மாதிரி, பிறகு ஒரு பட்டணம், பிறகு ஒரு தேசம். ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதால் தாளம் தாளத்தின்மேல் விழுந்து மோதியது. அது யேசுரத்தினத்தின் அடியே, ஆனால் ஆயிரம் யேசுரத்தினங்கள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு அடிப்பதுபோல இருந்தது.

எஞ்சின் ரூமில் கூண்டை ஏற்றி இறக்குகிற சுலைமான் பாய் லீவரைப் பிடித்தபடி வேர்த்து நின்றார். மணி வந்தது. இழுத்தார். முதல் கூண்டில் பம்பு ஆட்கள் பாதிப்பேர் தூசியும் இருமலுமாக வந்து சேர்ந்தார்கள். கூண்டு திரும்ப இறங்கியது. மணி வந்தது. இரண்டாவது கூண்டில் மீதிப்பேர், இடமில்லாத கூண்டில் ஒருவர்மேல் ஒருவராக நெருக்கிக்கொண்டு வந்தார்கள். எஸ்தர் ஒவ்வொரு முகமாகத் துடைத்துப் பார்த்தாள்.

"அருமை எங்க?"

"இடம் இல்லம்மா," என்றார் பம்பு மேஸ்திரி கோதண்டம். அவருக்கு மூச்சு வாங்கியது. "எங்கள உள்ள தள்ளிக் கதவ சாத்திட்டான். அடுத்த கூண்டுல வர்றேன்னான்."

கூண்டு மூன்றாம் தடவை இறங்கியது. சக்கரம் நின்றது. எல்லாரும் மணியைப் பார்த்தோம். தரை குதித்தது. ஆபீஸ் கட்டிடத்தின் ஓடுகள் சரிந்து விழுந்தன. மணி வரவில்லை.

"இழு பாய்," என்றாள் எஸ்தர்.

"மணி வரலியேம்மா."

"இழு!"

"மணி வராம இழுத்தா, அவன் ஒரு கால உள்ள வெச்சு ஒரு கால வெளிய வெச்சிருந்தா?" சுலைமான் பாய் அழுதுவிட்டார். "என் கையால அத எப்டிம்மா செய்வேன்?"

யேசுரத்தினம் குழியின் விளிம்பில் மண்டியிட்டு, "அருமை, ஏறுடா!" என்று கத்தினான். அவன் குரலை அவன் அடியே விழுங்கியது. அவன் இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி, ஓடுகிற மாட்டை அமுக்கிப் பிடிக்கிறவன் மாதிரி மண்ணை அமுக்கினான்.

மணி வந்தது.

ஊரே ஒரு குரலாகக் கத்தியது. சுலைமான் பாய் லீவரைச் சாய்த்தார், சக்கரம் சுற்றியது, கயிறு விறைப்பாக மேலே வந்தது, வந்துகொண்டே இருந்தது, எஸ்தர் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கீழே எங்கேயோ ஒரு பெரிய மூச்சு விட்ட சத்தம் கேட்டது. குழிவாயிலிருந்து தூசி ஒரு தூணாக எழும்பியது. சக்கரம் திடீரென்று வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது, சுமை இல்லாத கயிறு தொளதொளவென்று ஆடிக்கொண்டு மேலே வந்தது.

சீமையில் அன்று பொழுது சாய்கிறவரை பாட்டு ஓடியது. நாங்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. லெவல் லெவலாகக் குழி உள்ளே சரிவதைக் காலால் கேட்டுக்கொண்டு மைதானத்தில் நின்றோம். கடைசி லெவலும் விழுந்த பிறகு அதிர்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, மண் அடங்கியது.

மறுபடி தோண்ட வழியில்லை என்று பெரிய இன்ஜினியர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். குழியை மூடிச் சுற்றிலும் கம்பிவேலி போட்டார்கள். ஆண்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். சில வீடுகள் பூட்டிக்கொண்டன. ஐரின் டீச்சர் ரேடியோவை விற்றுவிட்டார். சீமையில் அந்தத் தட்டுதான் அந்த வருஷத்தின் தட்டு என்று பேர் வாங்கியது. அதைப்பற்றி எழுதின ஒருவனும் எங்கள் ஊர்ப் பேரை எழுதவில்லை.

மாசி மாதம் டெரிக் வந்தான். பாட்டுக் கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டானாம், முடியை ஒட்ட வெட்டியிருந்தான். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்து, கம்பிவேலிக்கு முன்னால் நின்றான். கல்லடி விழும் என்று எதிர்பார்த்து வந்தவன் போல, திரும்பிப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றான். ஜனங்கள் சேர்ந்தார்கள். யாரும் கல் எடுக்கவில்லை. யேசுரத்தினம் வந்து சற்றுத் தள்ளி நின்றுகொண்டான்.

எஸ்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். டெரிக் அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்தான், அவன் தமிழ் அவனுக்கு வரவில்லை. "எஸ்தர், நான்..." என்றான்.

"மன்னிப்புக் கேக்கவா வந்தே தொரை?"

அவன் தலையாட்டினான்.

"அப்புறமா கேளு. எனக்கு ஒண்ணு செய்யி மொதல்ல." அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "அந்தத் தட்டு உங்ககிட்டத்தானே கீது? கொண்டாங்க."

"எதுக்கும்மா?" என்றார் டீச்சர் பயந்துபோய்.

"சீமையில அத்தினி பேரும் கேட்டான். எங்கூட்டுக்காரர் மேல உளுந்த பாட்டு அது. நான் கேக்க வேணாமா?"

யேசுரத்தினம், "வேணாம்மா எஸ்தர்," என்றான்.

"நீ அடிச்சது எப்டி இருக்குதுன்னு நீயும்தான் கேட்டதில்ல மாமா. உக்காரு."

காதர் பாய் கடையிலிருந்து பிளேயரும் ஸ்பீக்கரும் வந்தன. வேலிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு அதன்மேல் வைத்தார்கள். டீச்சர் கட்டை அவிழ்த்துத் தட்டை எடுத்துக் கொடுத்தார். டெரிக் வைத்தபோது ஊசி இரண்டுதரம் வழுக்கியது. அது சுழலத் தொடங்கினதும் எங்களையறியாமல் எல்லாரும் காலடியைப் பார்த்தோம், தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள்.

மண் அசையவில்லை. பாட்டு மட்டும் வந்தது.

நன்றாக இருந்தது. அதுதான் எங்களுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது, நன்றாக இல்லாமல் போயிருக்கலாமே என்று நினைத்தோம். டிரம் மேலே ஓடியது, தப்பட்டை அதற்குக் கீழே ஓடியது, இரண்டுக்கும் அடியில் பாறையின் குரல், மனுஷ வாயில் வராத ஒரு குரல், கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அந்தப் பிள்ளைகள் ஏன் அதைத் திரும்பத்திரும்பப் போட்டார்கள் என்று எங்களுக்குப் புரிந்துபோயிற்று. அவர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போயிற்று, அது போனதும் துக்கத்துக்குச் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாமல் போயிற்று. கோதண்டம் மேஸ்திரி தேம்பினார். யேசுரத்தினம் முகத்தை மூடிக்கொண்டு, விரல்களால் நெற்றியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான், தாளம் தப்பாமல்.

எஸ்தர் அழவில்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து, ஒரு காதை ஸ்பீக்கரில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள். ஊசி உள்வட்டத்துக்குப் போய், கரகரவென்று வெறும் சத்தமாகச் சுற்றி நின்றது. டெரிக் அதைத் தூக்கி வைத்துவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்து நின்றான். நாங்களும் காத்து நின்றோம்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"இன்னொரு பக்கம் கீதில்ல?" என்றாள். "திருப்பிப் போடு."